ஒத்து இறங்கிய மூன்று ஞாயிறுகள்

ஒரு ஞாயிறு மாலை நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ரெஜினா அக்கா இன்று உயிரோடு இருந்திருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. மருத்துவரையும் கேட்டேன். அவரும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

செய்தி வந்தபோது கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கொடைரோட்டிலிருந்து அவருடைய தம்பி பேசினார். "அக்கா போயிருச்சு டீச்சர். வீட்டுக்குத்தான் கொண்டுவாரோம்."

நாகல் நகர் மாடியறையில் எங்களோடு உட்கார்ந்து இசை கேட்டவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: என்னோடு வேலை பார்த்த இயற்பியல் பேராசிரியர், தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியவர். ஞாயிறுதோறும் இரண்டு இசைப்பதிவுகள் போடுவார். ஒன்று நான்கு குரல்கள் சேர்ந்திசைக்கும் தேவாலயப் பாட்டு, மற்றது நாகஸ்வரம். முதல் முறை மெட்டைத் தொடர வேண்டும். இரண்டாம் முறை கண்ணை மூடி, அடியில் ஒலிப்பதை மட்டும் கேட்டு, அது இடம் மாறும்போது கை தூக்க வேண்டும். "மெட்டு தானா ஒங்களத் தேடி வரும். அடியில கெடக்குறத நீங்கதான் தேடிப் போகணும்" என்பார். கை தூக்கியவர்களை, என்னையும் சேர்த்து, நோட்டில் குறிப்பது என் வேலை.

தேவாலயப் பாட்டில் கீழ்க்குரல் நகர்ந்துகொண்டே இருக்கும். நாகஸ்வரத்துக்கு அடியில் ஊதும் ஒத்து, தொடங்கிய சுரத்திலேயே கடைசிவரை நிற்கும். அதற்குக் கை தூக்கக் கூடாது. புதிதாக வருபவர்கள் தூக்கி மாட்டிக்கொள்வார்கள். கார்த்திகையில் ஒரு ஞாயிறு ரெஜினா அக்காவே தூக்கினார்.

"எங்களுக்கு வச்ச பொறியில நீங்களே விழுந்துட்டீங்களேக்கா!" என்றார் மருந்துக்கடை பாண்டி.

"ஏலே, ஒழுங்காக் கேளு. எறங்குதுல்ல?"

அடுத்த வாரம் இன்னும் சீக்கிரமாகத் தூக்கினார். மூன்றாம் வாரமும் தூக்கினார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு ஒலிபெருக்கி வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"மல்லிகா, நீ அடுத்தவுக மனசுக்காகப் பேசுற ஆளில்ல. வாரா வாரம் கீழ போயிக்கிட்டே இருக்கு. எனக்கு மட்டுந்தான்னா காது டாக்டரப் பாக்கணும். ஒனக்கு எறங்குச்சா?"

எதற்கும் ஆதாரம் கேட்பவள் என்று என்னைக் கேலி செய்வார்கள். அன்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"லேசா எறங்குச்சுக்கா. பதிவு பழசுல்ல."

"அப்பாடா! இம்புட்டு நாளா பயந்து கெடந்தேன். ஒம் பேருக்கும் ஒரு டிக் போடு."

போட்டேன்.

மாசியில், பாடிக்கொண்டிருக்கும்போதே தள்ளாடி விழுந்தார். இடது காது நரம்பை ஒட்டி வளர்ந்த கட்டி மூளையை அழுத்தியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் கண் திறக்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த நோட்டும், எதைக் கேட்டாலும் அதன் அடியைத் தேடும் பழக்கமும்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த மூன்றாம் ஞாயிறு கேட்ட நாகஸ்வரப் பதிவைத் தனியாகப் போட்டேன். முதல் முறை மெட்டு. இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டேன். ஒத்து தொடங்கிய இடத்திலேயே நின்றது. நோட்டை எடுத்து என் பெயருக்கு நேரே இருந்த குறியைக் கோடிட்டு அடித்தேன். அவருடைய மூன்றையும் அப்படியே விட்டுவிட்டேன். அவர் கேட்டதைத்தான் சொன்னார்.