மூன்றாம் கேபினில் நீங்கள் பார்த்தது

பொய் சொன்னது நீங்கள்தான், வியாபாரிகள் சங்கச் செயலாளர் அண்ணாச்சி. வேறு யாருமில்லை.

படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்கிறேன். 2005-ல் தக்கலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு சிஸ்டம், ஆறு கேபின், ஒவ்வொன்றுக்கும் பிளைவுட் கதவு. கதவு இருந்தாலே உள்ளே அசிங்கம்தான் நடக்கிறது என்று ஊரில் பேச்சு. சிலர் கண்டதையும் பார்த்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கண்டுபிடித்தால் காலரைப் பிடித்து வெளியே தள்ளுவேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் அந்தக் கதவுக்கு வேறு வேலை. கல்ஃபில் அன்றைக்கு லீவு. புருஷன்மார் அங்கே ஒரு நெட் கடையில் உட்காருவார்கள், பெண்டாட்டிமார் இங்கே என் கடைக்கு வருவார்கள். வெப்கேமைத் திருப்பி வைத்து, ஹெட்போன் மாட்டிவிடுவது நான்தான். திரையில் முகம் தெளிந்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன். வருஷக்கணக்கில் பிரிந்திருக்கிறவர்கள் பேசுவதை நான் ஏன் கேட்க வேண்டும்?

ஜெசி அப்படி வந்து மூன்றாம் கேபினில் உட்கார்ந்தவள். பெயரை மாற்றியிருக்கிறேன். ஆபரேஷனில் பிள்ளை பெற்று நாற்பது நாள்.

"அக்கா, எனக்க தையல் பழுத்துப் போச்சுன்னு யாரோ அவருட்ட சொல்லிட்டாவ. அவரு அங்க ஒரே அழுகை. ஆறிட்டுன்னு காணிச்சாத்தான் நம்புவாராம்."

"அதுக்கென்ன, காணி. நான் கதவைச் சாத்துகேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் வியாபாரிகள் சங்கத்திலிருந்து நாலு பேரோடு நீங்கள் வந்தீர்கள்.

"கதவைச் சாத்திட்டு உள்ள என்ன சோலி நடக்கு?"

"ஒரு பொண்ணு அவளுக்க மாப்பிளைட்ட பேசுகா, அண்ணாச்சி."

"மாப்பிளையா வேற எவனாவதான்னு நீ கண்டியா?"

"கண்டேன். நாந்தான லைன் போட்டுக் குடுத்தேன்."

நீங்கள் காதில் வாங்கவில்லை. பிரிண்டர் வைத்திருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கேபின் தடுப்புப் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தீர்கள். அவள் சேலையை ஒதுக்கி வயிற்றுத் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். உங்களைக் கண்டதும் அலறினாள். நீங்கள் இறங்கி, ரோட்டில் நின்று சொன்னீர்கள்: "எவனுக்கோ ஒடம்பைக் காட்டுகா. எனக்க கண்ணால பாத்தேன்." பிறகு சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்தும் அதையே சொன்னீர்கள்.

எவனோ இல்லை. திரையில் நீங்கள் பார்த்த முகம் உங்கள் தெருக்காரனுடையது. அவன் கல்யாணத்தில் பந்தி விசாரித்ததே நீங்கள்தான். கேபின் கதவுகளைக் கழற்ற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு உங்களுக்கு ஒரு உதாரணம் வேண்டியிருந்தது. அவள் கிடைத்தாள்.

மாமியார் அவளைக் கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்கு அனுப்பினார். "அம்மா, அது நாந்தான், நாந்தான்" என்று புருஷன் ஃபோனில் கத்தினான். பெண்டாட்டியைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறான் என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து அவன் வந்துதான் அவளை வேறு ஊருக்குக் கூட்டிப் போய்க் குடிவைத்தான். மாமியார் கடைசிவரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஆறு கதவையும் கழற்றினேன். கடையைப் பூட்ட வைத்துவிடுவார்களோ என்ற பயம். இத்தனை வருஷத் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு அது. கடை வைக்கப் போகிற பிள்ளைகளே, உங்களை நம்பி ஒருத்தி உள்ளே உட்கார்ந்திருந்தால், கதவு போனாலும் போகட்டும், அவளுக்காக வாயைத் திறந்து பேசுங்கள். ரோட்டிலும் கூட்டத்திலும் நான் பேசவில்லை.

இப்போது 2018. கேபினும் இல்லை, கதவும் இல்லை. எல்லார் கையிலும் கேமரா. போன மாதம் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தீர்கள். துபாயிலிருந்து மகன் வீடியோ காலில் வந்தான். சட்டைப் பட்டனைக் கழற்றி, நெஞ்சு ஆபரேஷன் தழும்பை அவனுக்குக் காட்டினீர்கள். "பாருலே, நல்லா ஆறிட்டு." பின்னால் நாலு பேர் நின்றார்கள். யாரும் ஸ்டூல் தேடவில்லை.

நீங்கள் போனதும் ஜெசிக்கு ஃபோன் போட்டேன். "எழுதுங்கக்கா. அந்த ஆளு வாயாலயே சொல்லட்டு" என்றாள்.

சங்கப் பொதுக்குழு வருகிறது. அதே மைக்கைப் பிடியுங்கள், அண்ணாச்சி. மூன்றாம் கேபின் திரையில் இருந்தது யார்? அவன் பெயரைச் சொல்லுங்கள்.