ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆளுயர மாலையும்

எங்கள் சங்கத்துப் பட்டறையில் சுந்தர்சிங்கைத் திட்டாத ஆள் கிடையாது. நானே வாரத்துக்கு இரண்டு தடவை திட்டியிருக்கிறேன். அதனால் அவனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறது.

முத்தையாபுரத்துக்கும் புதுத் துறைமுகத்துக்கும் நடுவே தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. தோணிக்குச் சுக்கான் கீல் செய்கிறவர், உப்பளத்துப் பம்புக்குச் சாமான் செய்கிறவர், கேட்டும் கிராதியும் செய்கிற நான் என்று பதினெட்டுப் பேர் அங்கே சங்கம் வைத்திருந்தோம். தனித்தனியாக மெஷின் வாங்க வக்கில்லை. எல்லாருக்கும் பொதுவாக நாலு மெஷின். அதில் இரும்பு அறுக்கிற பேண்ட்சாதான் சுந்தர்சிங்கின் பொறுப்பு. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற பல் வைத்த எஃகுப் பட்டை. மேஜை நடுவே அது கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். தகட்டைத் தள்ளினால் அறுக்கும். விரலைத் தள்ளினாலும் அறுக்கும். வித்தியாசம் பார்க்கத் தெரியாது.

சுந்தர்சிங் பார்ப்பான். நாசரேத்தில் தொழில் படித்துவிட்டு வந்தவன். மெஷினுக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருந்தான். தகடு அறுக்க யார் வந்தாலும் ஒரு வார்த்தை "வாங்க" கிடையாது, பாட்டிலைத்தான் நீட்டுவான். வாட்ச், மோதிரம், கழுத்தில் கையில் தொங்குவது அத்தனையும் அதற்குள் போக வேண்டும். கீல் செய்கிற பர்னாந்து கழுத்திலிருக்கிற மாதா உத்தரியத்தைக் கழற்றிப் போடுவார். பம்பு மரைக்காயர் தாயத்தைப் போடுவார். நான் திருச்செந்தூர்க் கயிற்றைப் போடுவேன். மேடைக்கு மேடை பேசுகிறார்களே மத ஒற்றுமை, அதை நான் கண்ணால் பார்த்தது அந்தப் பாட்டிலில்தான்.

ஒரு நாள் ஜம்பமாக லெதர் கையுறை மாட்டிக்கொண்டு போனேன்.

"அதையும் கழத்துங்க அண்ணாச்சி."

"ஏலே, இது பாதுகாப்புக்குல்லா போடுதது!"

"உறைய பல்லு பிடிச்சா, உள்ள இருக்க கையையும் சேத்துல்லா இழுக்கும். தகட்டத் தூக்கிட்டு வரும்போது போட்டுக்கிடுங்க. இங்கன வேண்டாம்."

பிறகு பட்டையை மறைக்கிற காப்பை இரும்புக்கு ஒட்ட இறக்குவான். கடைசி இரண்டு அங்குலத்தைக் கையால் தள்ளவிடாமல் ஒரு மரக்கட்டையைத் தருவான். தூளை வாயால் ஊதினால், கையால் தட்டினால் வசவு. பட்டை முழுசாக நின்ற பிறகு பிரஷ்ஷால் தள்ள வேண்டும். அவசரக்காரனுக்கு இதெல்லாம் எப்படி இருக்கும்? எரிச்சலாகத்தான் இருக்கும். "பெரிய ஆஸ்பத்திரி டாக்டரு போல!" என்று அவன் காதுபடவே சொல்லுவோம்.

இப்படிப்பட்டவன் ஆறு வருஷமாகத் தற்காலிகம். ஆறு வருஷம் என்ன தற்காலிகமோ, சங்கத்துக்கே வெளிச்சம். நிரந்தரமானால்தான் முத்தையாபுரத்தில் சங்கத்து வீடு. வீடு இல்லாததால் அவன் நாலு பேரோடு ஒரு லாட்ஜ் அறையில் கிடந்தான். பெண்டாட்டி தேவகனியும் பெண் குழந்தையும் நாசரேத்தில் அவள் அண்ணன் வீட்டில் கிடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். "அப்பா எப்ப ஊருக்குப் போவீயன்னு பிள்ள எங்கிட்டயே கேக்குது அண்ணாச்சி" என்று ஒரு தடவை சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் சங்கச் செயலாளர். சுருக்கென்றதை மினிட்ஸில் எழுத வழியில்லை.

எழுபத்தைந்தில் பாதுகாப்பு வாரம் வந்தது. தலைவர் செல்வதுரை அண்ணாச்சிக்கு விழா என்றால் உயிர். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரியைச் சிறப்பு விருந்தினராகப் பிடித்துவிட்டார். அதிகாரி பேண்ட்சாவில் ஒரு தகட்டை அறுத்து வாரத்தைத் தொடங்கிவைப்பார். சுந்தர்சிங்குக்கு நிரந்தர ஆர்டரையும் வீட்டுச் சாவியையும் மேடையில் கொடுப்பார். ஆர்டர் டைப் அடித்து, சாவியோடு கவரில் போட்டு, தலைவர் சட்டைப் பையில் தயாராக இருந்தது. சுந்தர்சிங் தேவகனிக்குக் கடுதாசி போட்டுவிட்டான், பெட்டியைக் கட்டு என்று. மாலை வாங்குகிற பொறுப்பு எனக்கு. அதிகாரிக்கு ஆளுயரத்தில் ஒன்று, மெஷினுக்கு ஒன்று. மார்க்கெட்டில் நின்று பேரம் பேசி, வாழைநாரில் கட்டிய நல்ல கெட்டி மாலையாகப் பார்த்து வாங்கினேன். கெட்டியாக இருக்க வேண்டும் என்று நானேதான் சொன்னேன்.

அதிகாரி வந்தார். முழங்காலுக்குக் கீழே தொங்குகிற மாலை, தோளில் பொன்னாடை, விரலில் இரண்டு மோதிரம். அப்படியே மெஷின் முன்னால் நிறுத்தினோம். சுந்தர்சிங் பாட்டிலோடு வந்தான்.

"சார், மாலையையும் துண்டையும் கொஞ்சம் கழத்திட்டு..."

"ஏலே!" என்று பல்லைக் கடித்தார் தலைவர். "போட்ட மாலையக் கழத்தச் சொல்லுத? கூறு இருக்கா ஒனக்கு? பின்னால போ!"

அவன் கண் தலைவரின் சட்டைப் பையைப் பார்த்தது. பாட்டிலோடு பின்னால் போனான். பரவாயில்லை, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதிகாரி ஸ்விட்சைப் போட்டார். மெஷின் அசையவில்லை.

"கரண்ட் போச்சு!" என்றது கூட்டம். அந்த வருஷம் கரண்ட் போவது யாருக்கும் அதிசயமில்லை. கரண்ட் ஆபீஸைப் பத்து நிமிஷம் ஆசை தீரத் திட்டினோம். அதிகாரி மாலையும் கழுத்துமாக மேடைக்குப் போய், பாதுகாப்பே தொழிலாளியின் கவசம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். கையுறை அணியாமல் யாரும் இயந்திரத்தின் அருகே போகக் கூடாது என்றும் சொன்னார். பலத்த கைத்தட்டல்.

தட்டி முடித்த பிறகுதான் தலைவருக்கு உறைத்தது.

"கரண்ட் இல்லன்னா, மைக் எப்படிவே பேசுது?"

எல்லாரும் மைக்கைப் பார்த்தார்கள். நான் சுந்தர்சிங்கின் சட்டைப் பையைப் பார்த்தேன். பேண்ட்சாவின் பியூஸ் கட்டை அதற்குள் வெள்ளையாகத் தெரிந்தது. படுபாவி, மாலையையும் கழற்றச் சொல்ல முடியாது, வேலையையும் இழக்க முடியாது என்று இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடித்திருக்கிறான்! தலைவரும் பார்த்துவிட்டார். பாய்ந்து பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"தாணுலிங்கம், போய் மாட்டும்!"

"அண்ணாச்சி, பொறுங்க! சாரு ஸ்விட்ச் போட்டபடியே இருக்கு, முதல்ல அத அணைச்சுக்கிடுதேன்" என்று கத்தினான் சுந்தர்சிங். அதற்குள் அதிகாரி மறுபடி மெஷின் பக்கம் போய், இதுதான் அறுக்கிற இடமா என்று மேஜைமேல் குனிந்துவிட்டார். எனக்குக் காது இருந்தது, கேட்டது. தலைவர் முறைத்தார். நான் பியூஸைச் சொருகினேன்.

மெஷின் தானாக ஓடியது. அதிகாரியின் மாலை நுனியைப் பல் கவ்வியது. என் கெட்டி மாலை அறுபடவில்லை. அவர் கழுத்தைக் கீழே இழுத்தது. சுந்தர்சிங் நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, மாலையை இரண்டு கையாலும் பிய்த்து, அதிகாரியை மாரில் கைவைத்துப் பின்னால் தள்ளி, ஸ்விட்சை அடித்தான். அதிகாரி பின்னால் கிடந்த நாற்காலியோடு விழுந்தார். நார் சக்கரத்தில் சுற்றிப் பட்டை படீரென்று கழன்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. அனுமதியின்றிப் பியூஸைக் கழற்றியது, சிறப்பு விருந்தினரின் மாலையைப் பலர் முன்னிலையில் பிய்த்தது, அவர்மேல் கைவைத்தது என்று மூன்று குற்றம். நான்தான் மெமோ எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பியூஸை மாட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. நிரந்தர ஆர்டரும் வீடும் மைக் செட்டைப் பார்த்துக்கொண்ட தலைவரின் அக்காள் மகனுக்குப் போயின. சுந்தர்சிங் தற்காலிகமாகவே தொடரலாம் என்று பெரிய மனசு பண்ணினோம். அவனை விட்டால் அந்த மெஷினில் நிற்க ஆளில்லை. தேவகனி கட்டிய பெட்டியை அவிழ்த்திருப்பாள். விழா மலரில் அதிகாரி மெஷினில் குனிந்திருக்கிற போட்டோ வந்தது, "பாதுகாப்பாக இயக்கிக் காட்டுகிறார்" என்று.

ஒரு வாரம் அந்தப் பக்கம் போகாமல் ஒளிந்து திரிந்தேன். பிறகு ஒரு கேட் அவசரம். தகட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏசுவான், அல்லது முகத்தைத் திருப்புவான் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவன் பாட்டிலை நீட்டினான்.

மோதிரம் அன்றைக்கென்று விரலில் இறுகியிருந்தது. வரவில்லை. "பெறவு பாத்துக்கிடலாம்ல, ரெண்டு வெட்டுதான்" என்றேன். அவன் போய்ச் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, என் கையைப் பிடித்து, மெமோவில் கையெழுத்துப் போட்ட அதே விரலிலிருந்து மோதிரத்தைப் பைய உருவிப் பாட்டிலில் போட்டான். காப்பை இறக்கினான். மரக்கட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"ஏலே சுந்தர்சிங், நான் அன்னைக்கு..." என்றேன்.

"பேசாதிய அண்ணாச்சி" என்றான். "பட்டையப் பாருங்க."