எஞ்சினோடு கொடுத்த தாள்

எஞ்சின் விற்பதைவிட, அதை எப்படி ஓட்டுவது என்று எழுதுவது கடினம். எழுதிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேனியில், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் செய்யும் ஒரு பட்டறையில் அதுதான் என் வேலை. எங்கள் மெக்கானிக் ஞானராஜ் அண்ணனை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது, அவர் குச்சனூர் பஸ்ஸில் ஏறியபோது. அவருக்கு இரைப்பு. புழுதியில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாள் தெளிவாக இருந்தால் அவர் அலைய வேண்டியிருக்காது என்று நம்பித்தான் எழுதினேன்.

முதல் வாசகி

எழுதியதை முதலில் என் மனைவி படிப்பாள். 'டாங்க் மூடியைத் திறக்கவும். மூடவும். கைப்பிடியைச் சுற்றவும்' என்று ஒருமுறை எழுதியிருந்தேன். படித்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தெறக்கச் சொன்னீக, மூடச் சொன்னீக. டீசலை நான் வந்து ஊத்தணுமாக்கும்?"

சந்தனம்

சுருளிப்பட்டியில் புது எஞ்சின் சிறிது நேரம் ஓடும், நிற்கும். வாழை வாடிக்கொண்டிருந்தது. அண்ணன் இரைக்க இரைக்கப் போனார். பூசை போட்டவர்கள் டாங்க் மூடிக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். காற்று போக விட்டிருந்த ஓட்டை சந்தனத்தால் அடைபட்டு, டீசல் இறங்கவில்லை.

அடுத்த தாளில், 'மூடியில் சந்தனம் வைக்கக் கூடாது' என்று சேர்த்தேன். முதலாளி படித்துவிட்டுச் சொன்னார்:

"வைக்காதேன்னா எவன்யா கேப்பான்? எங்கன வைக்கலாம்னு எழுது."

நகல்

எங்கள் எஞ்சினை யாரும் பார்த்துச் செய்துகொள்ளலாம், தாளையும் அச்சடித்துக்கொள்ளலாம் என்பது முதலாளியின் கொள்கை. போடியில் ஒருவர் இரண்டையும் செய்தார். அடியிலிருந்த எங்கள் விலாசத்தையும் விடாமல் அச்சடித்துவிட்டார். அவர் விற்ற எஞ்சின் நின்றாலும் ஆள் எங்களிடம்தான் வந்தது. அப்படி வந்த ஒருவரிடம், "இது எங்க எஞ்சினே இல்லையே" என்றேன்.

"எஞ்சின் எவுகளுதா இருந்தா என்னய்யா, தாளு ஒங்களுதுதான?"

அதற்கும் அண்ணன்தான் போனார்.

குச்சனூர்க்காரர்

நாற்று காய்கிறது என்று குச்சனூரிலிருந்து ஒரு விவசாயி ஓடிவந்தார். எஞ்சின் கிளம்பவில்லையாம். தாளைப் படித்தாரா என்று கேட்டேன். சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது என்றார். அண்ணன் பையை எடுத்தார். "இருங்கண்ணே, நான் படிச்சுக் காட்டுறேன், அவரே பாத்துக்குவாரு" என்று தடுத்தேன். விவசாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணன்தான் இருக்காகல்ல, பெறகு தாளை எதுக்குப் படிச்சுக்கிட்டு?"

நாற்றுக்குத் தண்ணீர் பாய்ந்தது. அண்ணன் அந்த வரப்பிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

கூப்பிட ஆள் இல்லாமல் போனபின், எங்கள் பள்ளத்தாக்கு ஊர்களில் எல்லோரும் தாளைப் படித்தே எஞ்சின் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.