அடி அண்ணாமலைக்கு ஒற்றை சீட்டில்

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அம்பத்தூரிலிருந்து கிளம்பினேன். திருவண்ணாமலைக்கு இருநூறு கிலோமீட்டர் இருக்கும். காரில் போகிறவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் அங்கே இட்லி சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். என்னுடையது தொண்ணூறாம் வருஷத்துக்கு முந்தைய நூறு சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. அறுபதைத் தாண்டினால் கை மரத்துப் போகும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய மோட்டார் சைக்கிளைப் பந்தய வண்டியின் சாயலில் மாற்றிக் கட்டினால் அதற்குப் பெயர் கஃபே ரேசர். தேவையில்லாத தகரத்தையெல்லாம் கழற்றிப் போட்டுவிடுவார்கள். கைப்பிடி தாழ்ந்துவிடும், கால் வைக்கும் இடம் பின்னுக்குப் போய்விடும், சீட்டின் பின்பக்கம் ஒரு திமில் இருக்கும். ஓட்டுகிறவர் டேங்க் மேல் கவிழ்ந்த மாதிரி போக வேண்டும்.

இதை நான் தனியாகத் தொடங்கவில்லை. நானும் தாமோதரனும் அம்பத்தூரில் ஒரே தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தோம், ஒரே அறையில் தங்கினோம். புதுப்பேட்டை பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியை இரண்டு பேருமாகத்தான் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் வேலை நடக்கும். முழங்கால் பதிகிற மாதிரி டேங்கில் பள்ளம் எடுத்தது அவன். சேஸிஸின் பின்பக்கத்தை அறுத்து வளைத்து வெல்டு வைத்ததும் அவன்தான். சிறிய சுத்தியலால் ராத்திரியிலும் தட்டிக்கொண்டிருப்பான், கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து சத்தம் போடும்வரை. பிறகு அவனுக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் பெண் பார்த்துக் கல்யாணம் ஆனது. கொஞ்ச நாளில் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போக, "ஆறு மாசத்துல வந்துடறேன்டா" என்று பையை எடுத்துக்கொண்டு போனான். நான்கு வருஷம் ஆகிவிட்டது.

மீதியை நான் கட்டினேன். ஒயரிங், சீட், எஞ்சின், பெயின்ட். ஒவ்வொன்றும் முடிந்ததும் போட்டோ அனுப்புவேன். அவன் ஒரு கட்டைவிரலை அனுப்புவான்.

இப்போது முடிந்த வண்டியை அவனிடம் காட்டப் போகிறேன். அது மட்டுமென்றால் இவ்வளவு படபடப்பு இருந்திருக்காது. திருமுல்லைவாயலில் ஒரு ஷெட் வாடகைக்கு வந்திருந்தது. இந்த மாதிரி வண்டிகளைக் கட்டிக் கொடுக்க ஒரு கடை போட வேண்டும் என்பது மொட்டை மாடியில் நாங்கள் பேசிப் பேசித் தீராத விஷயம். ஷெட்காரர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். இரண்டு பேர் பெயரில் எழுதுங்கள் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். தாமுவிடம் இன்னும் கேட்கவில்லை.

ஏழே முக்காலுக்குத் திண்டிவனம். டீ பதினைந்து ரூபாய். பெட்ரோல் போட்டு, அளந்து ஆயிலும் ஊற்றிக் குலுக்கிவிட்டுக் கிளம்பினேன். நால்வழிச் சாலையை விட்டுச் செஞ்சி ரோட்டில் திரும்பிய பிறகுதான் வண்டியின் சத்தம் எனக்கே காதில் விழுந்தது. செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். இருபுறமும் பாறைக் குன்றுகள், யாரோ கல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி. வளைவுகளில் உடம்பைச் சாய்த்தபோது, இந்தச் சாய்வுக்காகத்தானே அவன் பின்பக்கத்தை இரண்டு முறை அறுத்து மறுபடி வைத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ்பென்னாத்தூரில் இடுப்பு தாங்கவில்லை, நிறுத்தினேன். தூரத்தில் அண்ணாமலை தெரிந்தது. கடைக்கார அம்மா வடையைத் திருப்பிப் போட்டபடியே வண்டியைப் பார்த்தார்.

"இப்டி குனிஞ்சே வந்தியாப்பா மெட்ராஸ்லேர்ந்து?"

"ஆமாம்மா."

"ஒக்கார எடமே கம்மியா இருக்குதே. வீட்டுக்காரம்மாவ எங்க ஒக்கார வெப்ப?"

"இன்னும் கல்யாணம் ஆகலம்மா."

"இத்த வெச்சிருந்தா எப்டி ஆகும்?" என்று சிரித்தார். இரண்டு வடைக்குக் காசு வாங்கிக்கொண்டு மூன்று வைத்தார்.

திருவண்ணாமலைக்குள் தேரடித் தெரு நெரிசலில் வண்டி சூடேறிவிட்டது. செங்கம் ரோடு வந்து, கிரிவலப் பாதையில் திரும்பியதும் நிழல். பௌர்ணமி இல்லாததால் கூட்டம் இல்லை. ஒரு குடும்பம் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து போனது. பதினோரு மணிக்கு அடி அண்ணாமலையில் தாமுவின் வீட்டு வாசலில் நின்றேன். முன்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே கிணற்று மோட்டார்கள், மருந்தடிக்கிற மெஷின்கள், பிரித்துப் போட்டபடி.

சத்தம் கேட்டு வெளியே வந்தவன் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தான். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டேங்கைத் தடவினான். பிறகுதான், "வந்துட்டியாடா பாலு" என்றான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

அவன் மனைவி கலைவாணி தண்ணீர் கொண்டுவந்தார். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை, சனிக்கிழமை விடுமுறை. "வாங்கண்ணா. இந்த வண்டி வருதுன்னு ஒரு வாரமா சொல்லிக்கினே இருந்தாரு" என்றார்.

"சாவி குடு" என்றான் தாமு. பேன்ட் மாற்றிக்கொண்டு வந்தான். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. போனான்.

ஒரு தெரு சுற்றிவிட்டு வந்துவிடுவான் என்று நினைத்தேன். டூ ஸ்ட்ரோக் சத்தம் தேய்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் போய்க் கரைந்துவிட்டது. மலையைச் சுற்றிவர பதினான்கு கிலோமீட்டர். முழுச் சுற்றும் போகிறான் என்று புரிந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவன் வந்துவிடுவான் என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில் கலைவாணியிடம் ஷெட் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். வாடவில்லை.

"நான் ஒண்ணும் புடிச்சி வெக்கலண்ணா. அப்பாவும் இப்ப நல்லாத்தான் இருக்காரு, அதோ கல்லக்கொல்லையில நிக்கறாரு பாருங்க. போன வருஷமே கேட்டேன். உங்களுக்கு மெட்ராஸ் போகணும்னா சொல்லுங்க, நான் ட்ரான்ஸ்ஃபர் போட்டுப் பாக்கறேன்னு. அவருதான் வேணாம்னுட்டாரு."

வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் அந்தப் பெரியவர் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். நான்கு வருஷமாக நான் கோபித்துக்கொண்டிருந்தது அவர்மேல்தான். அவருடைய உடம்பின்மேல், இந்த ஊரின்மேல், இந்தப் பெண்ணின்மேல். யாரோ என் நண்பனை இழுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. யாரும் இழுத்து வைக்கவில்லை.

தாமு திரும்பி வந்தபோது காற்றில் கண் சிவந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"சூப்பரா வந்துருக்குடா. நான் இருந்திருந்தா பெயின்ட்ல சொதப்பி இருப்பேன். செயின் ஸ்ப்ராக்கெட்ல மட்டும் ஒரு பல்லு கம்மி பண்ணிப் பாரு."

சாப்பிட்டோம். சாயங்காலம் டவுனில் காபி குடிக்கலாம் என்றான். நான் வண்டியில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்ததும், பழைய பழக்கத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினான். பின்னால் சீட் இல்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஒற்றை சீட்தான் அழகு என்று பிடிவாதம் பிடித்தவனே அவன். வீட்டிலிருந்த ஸ்கூட்டரைக் கலைவாணி எடுத்துப் போயிருந்தார். வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு நடந்தோம்.

கிரிவலப் பாதையில் மலை எங்கள் கூடவே நகர்ந்து வருவது போல இருந்தது. லிங்கம் ஒன்றின் அருகே இளநீர் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிக் குடித்தோம். அங்கே கேட்டேன். ஷெட், வாடகை, யார் யார் வண்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவன் இளநீரைக் கீழே வைத்தான். "நான் வரலடா, பாலு."

"ஏன்டா? வண்டி ஓட்டிட்டு வந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேனே."

"ஆசை இல்லன்னு சொல்லலையே. ஓட்டும்போது அப்டியே விழுப்புரம் வரைக்கும் போயிடலாமான்னு இருந்துச்சி. ஆனா அங்க வந்து இருக்கணும்னு தோணலடா. எனக்கு இங்க புடிச்சிருக்கு. அவ்ளோதான், வேற காரணம்லாம் கெடையாது."

"சொல்லியிருக்கலாமே."

"ஒவ்வொரு போட்டோ அனுப்பும்போதும் சொல்லணும்னுதான் நெனப்பேன். நீ அவ்ளோ ஆசையா அனுப்புவ. எப்டிடா சொல்றது?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் சொன்னது எனக்கு உள்ளுக்குள் எப்போதோ தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. யாரோ ஒரு விவசாயி வழியில் அவனை நிறுத்தி, மோட்டார் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். "நாளைக்கு வந்துடுங்க" என்றான். அவன் பக்கத்தில் நடந்துபோவதே போதும் என்று ஒரு கணமும், இது போதவே போதாது என்று மறுகணமும் தோன்றிக்கொண்டிருந்தது. டவுனில் காபி இருபத்தைந்து ரூபாய். திரும்பும்போது ஷேர் ஆட்டோ.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பினேன். கலைவாணி வேர்க்கடலை ஒரு பை கட்டிக் கொடுத்தார். தாமு செயினுக்கு ஆயில் போட்டு, பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்து, "மெதுவா போடா" என்றான். தெரு முனை வரைக்கும் கூடவே நடந்து வந்தான். அங்கே நின்றுவிட்டான்.

செஞ்சியில் சாலையோரம் நிறுத்தி ஷெட்காரருக்குப் போன் செய்தேன். எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"ரெண்டு பேரு பேர்ல போடணும்னு சொன்னீங்களே. இன்னொருத்தர் பேரு என்னங்க?"

லாரிகள் இரண்டு போகும்வரை காத்திருந்தேன். "என் பேரு மட்டும் போட்டுடுங்க" என்றேன்.

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எதையாவது வேண்டிக்கொண்டு போகிறார்கள். கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் அதே செஞ்சி ரோட்டில்தான் திரும்பி வருகிறார்கள். எதிரே செஞ்சிக் கோட்டைப் பாறைகளில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்பத்தூரில் என் அறையில் இன்னமும் இரண்டு கட்டில்கள் கிடக்கின்றன. வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துக்கொள்வதாக எத்தனையோ முறை கேட்டும் நான் தரவில்லை. இந்த வாரம் தந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். திண்டிவனம் வருவதற்குள் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாற்றிக்கொண்டேன்.