எலுமிச்சம்பழம் கட்டிய ஒயர்

கோவிந்தண்ணா, உன் பழைய பொக்லைனைப் பார்க்கத் திருப்பத்தூரிலிருந்து வந்த மெக்கானிக்கையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மலைச்சாலை வேலைக்கு நீ வாங்கிய அந்த வண்டியில், ஓடும்போதே டிரைவர் முன்னாலிருக்கும் திரை அணைந்து இன்ஜின் நின்றுவிடும்.

ஒல்லியான ஆள். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தார். ஒயர் சோதிக்கும் மீட்டரை மாட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஒயராக மெல்ல ஆட்டினார். சீட்டுக்குப் பின்னால் வந்ததும் அவர் கை நின்றது. திருஷ்டிக்காக நீ ஒயரில் கட்டிய எலுமிச்சம்பழம் அழுகி, சாறு பிளக்குக்குள் இறங்கி, உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"இன்னாப்பா இது, சாமி ரூமா?"

"செகண்ட் ஹேண்டு வண்டி சார். யார் வூட்டுக் கண்ணு பட்டுதோ."

"பழத்த வெளிய கட்டு. இந்த ஒயர்லதான் வண்டியோட கம்ப்யூட்டரும் திரையும் பேசிக்குது."

"இப்ப ரெண்டுக்கும் சண்டையா சார்?" என்று சிரித்தாய்.

அவர் சிரிக்கவில்லை. "பள்ளத்து ஓரத்துல பேச்சு நின்னா, வண்டி உன் கைய கேக்காது."

நீ தலையாட்டினாய். புது பிளக் மாட்டிவிட்டுக் கிளம்பியவர், வளைவில் பைக்கை நிறுத்தி வெகுநேரம் திரும்பிப் பார்த்தார்.

மழையில் சாலையோரம் சரிந்த அன்று, இன்ஜின் நின்றுபோய் உன்னால் வண்டியைப் பின்னால் எடுக்க முடியவில்லை. பள்ளத்திலிருந்து உன் உடலைத் தூக்கியவர்கள், அதே ஒயரில் இன்னொரு பழம் அழுகித் தொங்கியதாகச் சொன்னார்கள்.

வளைவில் நின்று அவர் எதைப் பார்த்தார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எங்கள் அண்ணனுக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள். எந்தச் சாமியிடம் என்றாலும் சரி.