பற்றவைக்காத சிகரெட்

மாமா வலது காலைச் செருப்பிலிருந்து உருவி என் மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். பெருவிரலின் நுனி கருத்திருந்தது. "பூட்ஸ் கடிச்சிருச்சு ஆத்தா, வேற ஒண்ணுமில்ல" என்றார். தொட்டுப் பார்த்தேன். சித்திரை வெயிலில் ஊரே கொதித்துக்கொண்டிருக்க, அந்தப் பாதம் மட்டும் சில்லென்று இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. திருமயம் பக்கம் கரண்டு ஆபீசில் லைன்மேன். நான் தாலுகா ஆஸ்பத்திரியில் சிகரெட், பீடியை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் அறைக்குத் தானாக வந்தவர்கள் சொற்பம், டாக்டர் விரட்டி அனுப்பியவர்களே அதிகம். மாமாவும் அப்படி வந்தவர்தான். காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன, சிகரெட்டை விட்டால் கால் பிழைக்கும், விடாவிட்டால் முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பம் ஏறிப் பிழைக்கிற மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"விட்டுர்றேன். ஆனா ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஒங்க அத்தைக்குக்கூட" என்றார். காரணம் இருந்தது. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடியும் தறுவாயில் இருந்தது. பெண்ணின் அப்பாவுக்குக் காலை எடுக்கப் போகிறார்களாம் என்று ஒரு வார்த்தை கசிந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தார். ஆபீசிலும் கம்பம் ஏற விடமாட்டார்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்வதில் எனக்கு என்றைக்குமே கஞ்சத்தனம் கிடையாது.

அந்த மாதங்களில் எங்களுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள். புகையிலைக் கட்டுப்பாட்டைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆவுடையார்கோவில் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் விற்கலாமா? "கூடவே கூடாதுங்க." பஸ் ஸ்டாண்டில் பிடிக்கலாமா? "புடிச்சு உள்ள போடுங்க." விரலிடுக்கில் பீடி புகைய நின்ற ஒருவர்கூடத் தடை வேண்டும் என்று அடித்துச் சொன்னார். நாடே திருந்திவிட்டது என்று நானும் பூரித்துப் போய் எழுதினேன்.

ஒரு கேள்வி மட்டும் அந்தத் தாளில் இல்லை. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வரும் ஆண்களுக்கு ஒரு தட்டை நீட்டுவார்கள். வெற்றிலை பாக்கோடு அதில் பீடிக்கட்டும் பிரித்த சிகரெட் பாக்கெட்டும் தீப்பெட்டியும் இருக்கும். ஏதாவது ஒன்றை எடுக்க வேண்டும். வேண்டாம் என்று கைகாட்டினால், பழைய மனத்தாங்கலை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பேசுவார்கள். தாளில் இல்லாவிட்டால் என்ன என்று நானாக ஒரு பெரிய வீட்டில் இதைக் கேட்டேன். அதுவரை எல்லாத் தடைக்கும் தலையாட்டிய அந்த வீட்டு மூத்த மகன், "அது மரியாதைங்க. அதையும் இதையும் ஒண்ணாச் சேக்காதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமா நிறுத்திய நாற்பத்தோராம் நாள், அதே வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். மாமாவுக்குப் பங்காளி முறை. மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொந்தம் என்பதால் அவர்களும் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பெண்களோடு வாசலோரம் இருந்தேன். அழுகைக்கு நடுவிலும் என் கண் மாமாவின் மேல்தான் இருந்தது. தட்டு வரிசையாக வந்தது. மாமாவுக்கு முன்னால் நின்றது. அவர் வெற்றிலையை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் கை நேராகச் சிகரெட்டுக்குப் போனது. மூத்த மகன் தீக்குச்சியைக் கிழித்து நீட்டினார்.

எழுந்தது எனக்குத் தெரியவில்லை. என் குரல்தான் எனக்கே முதலில் கேட்டது. "அவருக்குக் குடுக்காதீங்க! ஒண்ணு குடிச்சாலும் காலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு!"

ஒப்பாரிகூட நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா திரும்பி மாமாவின் காலைப் பார்த்தார். மாமா ஒருமுறை என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், அதில் கோபம் இல்லை. பிறகு சிரித்தார். "எங்க மருமகளுக்கு வேலையே இதாங்க, பாக்குறவனையெல்லாம் நோயாளியாக்குறது" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, அணையப்போன குச்சியில் சிகரெட்டைப் பற்றவைத்து, நெஞ்சு நிறைய இழுத்தார். நாலு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் சிரித்தார். மாமா அதைக் கடைசிவரை குடித்தார். அடுத்த முறை தட்டு வந்தபோது இன்னொன்றை எடுத்தார்.

ஆண்கள் சுடுகாடு போய்த் திரும்பிய பிறகு, தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். திட்டத்தான் போனேன். அவர் முகத்தைக் கழுவியபடி மெதுவாகச் சொன்னார். "நாப்பது நாளா இப்புடித்தான் ஆத்தா. யாரு குடுத்தாலும் வாங்கிக் கையில வச்சுக்குவேன். அப்பறம் பத்திக்கிறேம்பேன். அங்கிட்டுப் போயிக் கீழ போட்டுருவேன். கையில இருந்தா, ஏன் குடிக்கலன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். இன்னைக்கும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்."

விடுவதற்கு எத்தனையோ வழிகளை நான் அவருக்கு ஒப்பித்திருக்கிறேன். கிராம்பை மெல்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள். நாலு பேருக்கு நடுவில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று உட்கார்ந்த இடத்திலேயே இருந்திருப்பேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாமா என் அறைக்கு வருவதை நிறுத்தினார், நான் வீட்டுக்குப் போனால் கொல்லைப்பக்கம் போய்விடுவார். அவர் சட்டைப்பையில் மறுபடி பாக்கெட் ஏறியது, இந்த முறை குடிப்பதற்காகவே. டாக்டர் சொன்ன வரிசைப்படியே எல்லாம் நடந்தது. அடுத்த சித்திரைக்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் சிகரெட்டைத் தொடவே இல்லை. இப்போது ஆபீசில் நாற்காலி வேலை. எதிரே தெரியும் கம்பங்களைப் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார் என்று அத்தை சொன்னாள்.

போன மாதம் ஊர்க்கூட்டத்தில், இனி சாவு வீட்டுத் தட்டில் வெற்றிலை பாக்கு மட்டும்தான் என்று முடிவெடுத்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். மாமாவும் வந்திருந்தார். அன்று குச்சி கிழித்து நீட்டிய அதே மூத்த மகன்தான் எழுந்து பேசினார். "இந்தப் புள்ள அன்னைக்கே எங்க வீட்டுல எந்திரிச்சு நின்னு கத்துச்சு. இந்த மனுசன் கால் போறவரைக்கும் ஒரு நாளாச்சும் சிகரெட்ட விட்டாரா? அது பேச்சக் கேட்டிருந்தா இன்னைக்குக் கால் நின்னிருக்கும்ல?"

கூட்டம் மாமாவின் பக்கம் திரும்பியது. நாற்பது நாள் ஒருவரும் அறியாமல் விட்டிருந்த மனிதர், ஊன்றுகோலை மடியில் கிடத்திவிட்டுச் சொன்னார். "ஆமப்பா. நாந்தான் கேக்கல."

கைதட்டினார்கள். எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். என் சத்தியத்தை நான் நாற்பது நாள்தான் காப்பாற்றினேன். மாமா என் தவற்றை இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்று கேட்காமலே எழுந்து கத்தியவள், இந்தக் கூட்டத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன்.