இரண்டு கதவுகளுக்கு நடுவே

ஸ்டிக்கர் அக்கா என்றால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்து, முன்தலையில் நரையும் ஓடிவிட்ட பிறகும் பிள்ளைகளுக்கு அவள் அக்காதான். இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கடையை இழுத்து மூடியதும், பஸ் ஓட்டுகிற அவள் கணவர்தான் பள்ளிக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தார். “வீட்டுல சும்மா உக்காந்தா நீ என்னையே மடிச்சுப் பையில போட்டுடுவே” என்றார்.

பள்ளியின் முன்வாசலில் இரண்டு கண்ணாடிக் கதவுகள். வெளிக்கதவைத் தாண்டி வருகிறவர், உள்கதவு திறக்கும்வரை நடுவில் இருக்கிற சின்ன அறையில் நிற்க வேண்டும். அந்த அறையின் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் அவள். வந்தவர் அடையாள அட்டையை நீட்டுவார். அவள் அதை மெஷினில் வைப்பாள். குழந்தைகளுக்குத் தீங்கு செய்து தண்டனை பெற்றவர்களின் பெயர்களோடு மெஷின் ஒத்துப் பார்க்கும். ஒன்றுமில்லை என்றால் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று நாக்கை நீட்டுகிற மாதிரி வெளியே வரும். அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகலாம்.

பெயரும் பிறந்த வருஷமும் ஒத்துப்போனால் மட்டும் திரையில் இன்னொரு படம் எழும்பும். அந்தக் குற்றவாளியின் படம். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘இவர்தான்’, ‘இவரில்லை’. மெஷினுக்குப் பெயர் போதும். முகம் பார்க்கிறது அவள் பொறுப்பு.

அவள் அதில் கெட்டிக்காரி என்று பேர். வந்தவர்களைச் சிரிக்க வைத்தே அனுப்புவாள். “அட்டையில இப்படி முறைக்கிறீங்களே சார், போட்டோ எடுத்தவர் மேல அவ்வளவு கோவமா?” என்பாள். இரண்டு மூன்று தடவை அந்த இன்னொரு படம் எழும்பியதுண்டு. ஒருவன் வழுக்கை, வந்தவருக்குச் சுருட்டை முடி. இன்னொருவன் கறுப்பு, வந்தவர் சிவப்பு. யோசிக்காமல் ‘இவரில்லை’யை அமுக்கினாள்.

பிள்ளைகள் வரைந்த படங்களைப் பெற்றோர் பார்க்க வரும் நாள் ஒன்று வந்தது. வெளிக்கதவுக்கு அப்பால் தெருவரை வரிசை. பத்து வயதுப் பெண் ஒருத்தியின் அப்பா உள்ளே வந்து நின்றார். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். பள்ளிக்கு எப்போதும் அவர் மனைவிதான் வருவாள். இவர் வருவது அதுதான் முதல் தடவை. சலவைச் சட்டை, நகக்கண்ணில் மட்டும் போகாத எண்ணெய்க் கறுப்பு.

அட்டையை வைத்தாள். படம் எழும்பியது.

அதே மாதிரி அகல நெற்றி. அதே மாதிரி ஒட்டிய கன்னம். படம் பழையது, மங்கல். மூக்கு ஒத்துப்போகிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள், மறுபடி நிமிர்ந்தாள்.

“என்னம்மா, போலீஸ் தேடற ஆளா நானு?” என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவளைச் சந்தேகத்துக்குள் தள்ளிவிட்டது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பாள். சில வாரங்களுக்கு முன் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி சொன்னது காதில் ஒலித்தது: “சந்தேகமா இருந்தா அமுக்கிடுங்க. மன்னிப்பு அப்புறம் கேட்டுக்கலாம். குழந்தையத் திருப்பிக் கேட்டு வாங்க முடியாது.” வரிசையில் யாரோ, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்றார்கள்.

‘இவர்தான்.’ அமுக்கிவிட்டாள்.

இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. அவர் முதலில் ஏதோ மெஷின் கோளாறு என்றுதான் நினைத்தார். காவலாளி வந்து வெளிக்கதவை மறைத்து நின்றதும் அவர் முகம் மாறியது. வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு தாய் தன் கைக்குழந்தையைத் தோளின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். உள்கதவுக்கு அந்தப் பக்கம், அப்பாவை அழைத்துப்போக அவர் மகள் வந்து நின்றாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, “அக்கா, எங்கப்பாதான். திறந்து விடுங்க” என்றாள். ஸ்டிக்கர் அக்காவுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வந்தது, விரல் ரேகை பார்த்தது. அந்தக் குற்றவாளி அந்த நேரத்தில் வேறு ஊர்ச் சிறையில் இருந்தான். தலைமை ஆசிரியை மன்னிப்புக் கேட்டு, தன் கையாலேயே ஸ்டிக்கரைக் கொடுத்தார். அந்த அப்பா அதை வாங்கிச் சட்டையில் ஒட்டிக்கொண்டார். உள்ளே போய் மகள் வரைந்த படத்தைப் பார்த்தார். அவர் நின்ற இடத்தைச் சுற்றி வட்டமாக இடம் காலியானது என்று காவலாளி பிறகு சொன்னான்.

அடுத்த மாதம் அந்தப் பெண்ணை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

“நீங்க விதிப்படிதான் செஞ்சீங்க. மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார் தலைமை ஆசிரியை. அவளும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் அந்த முகம் அவளை விடவில்லை. எது அந்தக் குற்றவாளியின் முகம், எது அந்த அப்பாவின் முகம் என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றில் ஒன்று ஊறிப்போயிருந்தன. காய்கறிக் கடையில், வங்கி வரிசையில், எதிர்வீட்டு மாடியில் அந்த நெற்றி தெரியும். உற்றுப் பார்த்தால் வேறு யாரோ.

ஒரு சாயங்காலம் கணவர் வந்து கதவைத் தட்டினார். அவள் கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தாள். திறக்கவில்லை.

“நான்தான். ஸ்டிக்கர் குடு, உள்ள வரேன்” என்றார் அவர். பழைய கேலிதான்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வருஷக்கணக்காகப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய முகம். நெற்றி, கன்னம், மூக்கு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடித்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை போனது. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தக் கேலியைச் செய்யவில்லை.

வேறு பள்ளிக்குப் போன அந்தப் பெண் எந்த நிறுத்தத்தில் இறங்குகிறாள் என்பது கணவருக்குத் தெரிந்திருந்தது. அவர் ஓட்டுகிற பஸ்ஸில்தான் புதுப் பள்ளிக்குப் போய்வந்தாள். கேட்டபோது முதலில் மழுப்பினார். “ஆறிட்டு வர்ற புண்ண ஏன் கிளறணும்?” என்றார்.

“யாருக்குங்க ஆறுது?” என்றாள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நிறுத்தத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தார்கள். கோபமோ பயமோ இல்லாமல், “அப்பா, ஸ்டிக்கர் அக்கா வந்திருக்காங்க” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, படித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்விட்டாள்.

முன்னறை முழுக்கத் தையல் மெஷின்கள். பிரித்துப்போட்ட ஒன்றின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து, கழிவுத் துணியில் கையைத் துடைத்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

“தப்பு பண்ணிட்டேங்க” என்றாள் கடைசியில்.

“உங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல” என்றார். “போலீஸ்காரர் அந்தப் படத்தை எங்கிட்டயும் காட்டினார். எனக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது நான்தானோன்னு.”

கழிவுத் துணியை மடித்து மெஷின் மேல் வைத்தார்.

“அவன் என்ன பண்ணான்னு அப்புறம் தேடிப் படிச்சேன். படிச்சிருக்கக் கூடாது.” மகள் இருந்த அறைப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குக் கிளம்பிடுவா. தினமும் நான்தான் பொண்ணுக்குத் தலை வாரிப் பின்னி விடுவேன். அன்னிக்கு அப்புறம் சீப்பக் கையில எடுத்தா கை நடுங்குது. நான் அவன் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா கைக்குத் தெரிய மாட்டேங்குது. ரெண்டு வாரம் சமாளிச்சேன். அப்புறம் முடிய வெட்டிட்டோம்.”

“பாப்பாகிட்ட என்ன சொன்னீங்க?”

“வெயிலுக்கு நல்லதுன்னு சொன்னேன். நம்புறாளா இல்லையான்னு தெரியல.”

அவள் எழுந்தாள். மன்னிப்பை அவர் வாங்கிக்கொண்டாரா, திருப்பிக் கொடுத்தாரா என்று அவளுக்கே விளங்கவில்லை. வாசல்வரை வந்து, “படி உசரமா இருக்கும், பாத்து” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள். “மேடம், இன்னொரு படம் வந்தா நான் தனியா அமுக்க மாட்டேன். வேற யாராச்சும் வந்து பாக்கணும். வந்தவரை அந்த நடு அறையில நிக்க வைக்கக் கூடாது. பக்கத்து ரூம்ல உக்கார வைக்கணும்.”

“அவர் நிஜமாவே அந்த ஆளா இருந்தா?”

“காவலாளி கூட உக்காரட்டும். கண்ணாடிக்குள்ள நிறுத்த வேணாம்.”

தலைமை ஆசிரியை சம்மதித்தார். அது நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள்.

மழைக்காலத்தில் ஒரு பகல், பேரனைப் பார்க்க ஒரு தாத்தா வந்தார். நனைந்த குடை, மரியாதையான பேச்சு. அட்டையை வைத்ததும் படம் எழும்பியது. அவள் எழுந்துபோய் அவரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். துணைத் தலைமை ஆசிரியை வந்து, திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, “சேச்சே, இவர் இல்ல” என்றார். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. முக்கால்வாசி. ‘இவரில்லை’யை அமுக்கினாள். ஸ்டிக்கர் வந்தது. தாத்தா நன்றி சொல்லி உள்ளே போனார்.

அதன் பிறகு அவளால் உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் நடைபாதையில் போய் வகுப்பறை ஜன்னலை எட்டிப் பார்த்தாள். தாத்தா சின்ன நாற்காலியில் முழங்கால் முட்ட உட்கார்ந்து, பேரன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். இடையில் வந்த தபால்காரர் ஜன்னலைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மணி அடித்ததும் அவர் வெளியே வந்தார். ஸ்டிக்கரைப் பிய்த்து ஜன்னலில் வைத்தார். “ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்கம்மா. நிம்மதியா இருக்கு” என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் குடையை விரித்து மழையில் இறங்கித் தெருமுனை திரும்பும்வரை, அந்த முகத்தின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.